கரட் தராசில் இரும்பு

களனி கங்கையின் அடியிலிருந்து மணல் உறிஞ்சும் பம்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. பார்த்திராத இலக்கிய நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பம்பின் வயிற்றுக்குள் இம்பெலர் என்றொரு சக்கரம் சுழலும். புதிதாய் இருக்கும்போது அதன் அலகுகள் தடித்த பூவிதழ்கள் போலிருக்கும். மணலும் தண்ணீரும் கலந்து அதனூடாகப் போகப் போக, இதழ்களின் விளிம்பு கத்திபோல மெலிந்துவிடும். பிறகு ஓட்டை விழும். துருப்பிடித்த இரும்பைப் போல அது செம்மண் நிறமாகவும் இராது. தேய்ந்த இடம் பளபளவென்று மினுங்கும். விரலால் தடவினால் கடற்கரை மணலில் காற்று போட்ட வரிகளைப் போல நுண்ணிய அலைகள் தட்டுப்படும்.

தமிழில் நாம் இரண்டையும் அரிப்பு என்றே சொல்லிவிடுகிறோம். நான் வசிப்பது வெள்ளவத்தையில், றெயில் பாதைக்கும் கடலுக்கும் அருகில். எங்கள் மாடியின் ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று தின்பது ஓர் அரிப்பு. அது இரசாயன வேலை. இரும்பு வேறொன்றாக மாறிப் பொருக்காய் உதிர்கிறது. மணல் செய்வது வேறு. அங்கே இரும்பு இரும்பாகவே இருந்து, மணிக்கு மணி, கண்ணுக்குத் தெரியாத சீவலாகக் கழன்று போகிறது. முன்னதற்குப் பெயின்ட் பூசலாம். பின்னதற்கு முன்னால் பெயின்ட் ஒரு மணித்தியாலம் நிற்காது.

என் தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். தேய்ந்த இம்பெலர்களின் மேல் குரோமியம் கூடிய வெல்டிங் கம்பியால் கடினமான படை ஏற்றி, திரும்பக் கடைந்து கொடுப்பது அவருடைய முக்கியமான தொழில். மணல்காரர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், முகத்துவாரப் பக்கத்துப் படகுக்காரர்கள் என்று வாடிக்கையாளர் உண்டு. 2018 கடைசியில் மணல்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து, படை ஏற்றிய இம்பெலரும் சும்மா இம்பெலரும் ஒரே காலத்தில்தான் போயின, எதற்கு இரட்டைக் காசு என்று கேட்டு மிச்சப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். மச்சானுக்கு அது காசுக் கதையல்ல, மானக் கதை.

"எனக்கு முப்பது வருஷக் கண் ஈக்கி. நான் ஏத்தின படை லேசுல தேயாது" என்றார்.

அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மருமகன், அவருடைய மகன், சொன்னான்: "வாப்பா, கண்ண அவருக்குக் காட்டேலாதே. அளந்து காட்டணும்."

இதற்கென்று உலகில் ஒரு முறை இருக்கிறது என்பதை அவனிடமிருந்துதான் அறிந்துகொண்டேன். நுண்மணிகள் உலோகத்தை எப்படிச் சீவுகின்றன என்பதற்கு ஒழுங்கான கணக்கை 1960இல் எழுதியவர் இயன் ஃபின்னி. பறந்து வரும் ஒவ்வொரு மணியையும் ஒரு குட்டி உளியாக அவர் கற்பனை செய்தார். உளி சாய்வாக இறங்கினால் சீவும், நேராகக் குத்தினால் சீவாது. இதனால் மெல்லிரும்பு போன்ற வளைந்துகொடுக்கும் உலோகம் நேரடி அடியைவிடச் சாய்ந்த அடியில், ஏறத்தாழ 20, 30 பாகையில், அதிகம் தேயும். கண்ணாடி, மண்பாண்டம், வன்மையான வார்ப்பிரும்பு போன்ற நொறுங்கும் பொருட்களுக்கு மாறாக, 90 பாகை நேரடி அடிதான் ஆபத்து. எது கடினமோ அது நிலைக்கும் என்ற எங்கள் பொதுப்புத்தி இங்கே பாதிதான் சரி.

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிறுவனம் இந்தச் சோதனைக்கு ஜி 76 என்ற ஒழுங்குவிதியை 1983இல் முதன்முதலாக வெளியிட்டது. 1.5 மில்லிமீற்றர் உட்துவாரமும் 50 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட ஒரு குழாய்முனை. அதிலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளி உலோகத் துண்டு. 50 மைக்ரோன் அளவான அலுமினியம் ஒக்சைட் தூள், நிமிடத்துக்கு 2 கிராம், செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில், 10 நிமிடம். முன்னும் பின்னும் நிறுத்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். வாசிக்கும்போது சமையல் குறிப்பைப் போலத்தான் இருக்கிறது. கட்டத் தொடங்கினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாரம் போகும்.

கொழும்புக் காற்றின் ஈரம் முதல் எதிரி. கொம்பிரஷரிலிருந்து வரும் காற்றில் தண்ணீர் இருந்தால் தூள் கட்டிபட்டு முனையை அடைத்துவிடும். ஆகவே தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும், அதன்பின் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயும் வைத்தோம். தூளை ஒரே சீராக ஊட்டுவது அடுத்த தலைவலி. புனலிலிருந்து தானாக விழவிட்டால் ஒரு நிமிடம் 1 கிராம் வரும், மறு நிமிடம் 4 வரும். தேங்காய் துருவியின் அளவில் ஒரு திருகுதண்டை மச்சான் கடைந்து தந்தார். அதை ஒரு சிறு மோட்டர் மெதுவாகச் சுற்ற, தூள் ஒழுங்காக நகர்ந்தது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய காற்று வால்வு ஒன்று, கோட்டைப் புறக்கோட்டைக் கடைகளில் பொறுக்கிய ரிலேக்கள், ஒரு டைமர், சாம்பல் நிறத் தகரப் பெட்டி. குறிப்புப் புத்தகம் என் பொறுப்பு. எழுதுகிறவன் என்பதால் எனக்கு வேறு என்ன தருவார்கள்?

வேகத்தை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத மணி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று எப்படிப் பிடிப்பது? ஒரே அச்சில் இரண்டு தட்டுகள். முன்தட்டில் ஒரு கீறல்துளை. தட்டுகள் நின்றிருக்கும்போது அடித்தால் துளைக்கு நேரே பின்தட்டில் தழும்பு விழும். சுழலும்போது அடித்தால், மணி இடைவெளியைக் கடப்பதற்குள் பின்தட்டு சற்றுத் திரும்பிவிடுவதால் தழும்பு தள்ளி விழும். நிமிடத்துக்கு 3000 சுற்று, இடைவெளி 20 மில்லிமீற்றர், தழும்பு 12 பாகை தள்ளியிருந்தால் வேகம் செக்கனுக்கு 30 மீற்றர். 1975இல் ரஃப், ஐவ்ஸ் என்ற இருவர் வெளியிட்ட உபாயம் இது. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

பெட்டி முழுமையாகு முன்னர் 2019 ஏப்ரல் 21 வந்தது.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் பட்டறைக்கு எவ்வளவு பக்கம் என்று கொட்டாஞ்சேனையை அறிந்தவர்களுக்குத் தெரியும். அன்று காலை அங்கே செத்தவர்களில் மச்சானிடம் கதவுக்குக் கீல் செய்து வாங்கியவர்களும் இருந்திருக்கலாம். அந்தத் துக்கத்தைச் சொல்ல வாயெடுக்கும்போதே நாங்கள் யாரென்று விளக்கவும் வேண்டியிருந்தது. அந்த நாட்களைப் பற்றி எம்மவர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு முஸ்லிமின் பட்டறையில், தகரப் பெட்டிக்குள் டைமர், சிவப்பும் கறுப்புமாய் வயர்கள், அழுத்தக் குழாய், பக்கத்தில் இரண்டு பை தவிட்டு நிறத் தூள். மச்சான் இரவோடிரவாக அதைக் கழற்றினார். டைமர் ஒரு லாச்சிக்குள், குழாய் கூரைக்கு மேல், திருகுதண்டு பழைய இரும்புக் குவியலுக்குள். தூளைக் கொட்ட மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமான்.

சில நாட்களில் தேடுதலுக்கு வந்தார்கள். எங்கள் ஒழுங்கை முழுவதும்தான் பார்த்தார்கள். தூள் பையை ஒருவர் கையால் அளைந்து, முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். மச்சானின் சிங்களம் சரளமானது. ஆனாலும் அன்று அவருக்கு நாக்கு எழவில்லை. பக்கத்துப் பட்டறைச் சிங்கள பாஸ் எட்டிப் பார்த்து, "வெலி கடதாசி குடு" என்றார். மணற்தாள் தூள். சொன்னது முழு உண்மை. மணற்தாளில் ஒட்டியிருப்பதும் அதே அலுமினியம் ஒக்சைட்தான். அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

சோதனை என்ற சொல்லை எங்கள் பேச்சில் பரீட்சைக்கும் பாவிக்கிறோம், செக்பொயின்ட்டில் பையைத் திறந்து காட்டுவதற்கும் பாவிக்கிறோம், றப்பு தரும் துன்பத்துக்கும் பாவிக்கிறோம். அதன்பின் மூன்று வருடங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெட்டியைச் சோதனைப் பெட்டி என்று சொல்லவில்லை. அந்தச் சாமான் என்றார்கள்.

2022இல் நாடு விழுந்தபோது அந்தச் சாமான் எழுந்தது. டொலர் இல்லை, இறக்குமதிக்குத் தடை, புது இம்பெலர் கிடையாது. பழையதைத் திருத்தித்தான் ஆக வேண்டும். பட்டறைக்கு முன் எப்போதுமில்லாத வேலை. எந்தப் படை எங்கே நிற்கும் என்பதை அறியாமல் விலையுயர்ந்த வெல்டிங் கம்பியைக் கொட்டவும் முடியாது. படிப்பை முடித்திருந்த மருமகன் ரிலேக்களைத் தூக்கியெறிந்துவிட்டு ஆர்டுயினோ என்ற உள்ளங்கையளவு பலகையைப் பொருத்தினான். ஆறு உலோகத் துண்டுகள் ஒரு வட்டத் தாங்கியில். முறை வரும் துண்டு முனைக்கு முன்னால் வந்து, சொன்ன பாகைக்குத் திரும்பி நிற்கும். வால்வு திறக்கும், திருகு சுழலும், நேரம் முடிய இரண்டும் நிற்கும், அடுத்த துண்டு வரும். மனிதன் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. நிற்கவும் கூடாது. மணல் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. மூடிய பெட்டியும் உறிஞ்சிப் பையும் முகமூடியும் இல்லாமல் இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

மின்வெட்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பத்து நிமிடச் சோதனையில் ஆறாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அந்தத் துண்டு வீண். ஆகவே ஒவ்வொரு சில செக்கனுக்கும் எத்தனையாவது துண்டு, எவ்வளவு நேரம் முடிந்தது என்பதைப் பலகையின் ஞாபகத்தில் எழுதிவைக்கச் செய்தான். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராது. முதலில் காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருந்து, பிறகுதான் வால்வைத் திறக்கும். அமெரிக்க ஒழுங்குவிதியில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

எல்லாம் தானாக நடந்தாலும் நிறுப்பது மட்டும் கையால்தான். இங்கேதான் பெரிய முட்டுக்கட்டை வந்தது. 30 மீற்றர் வேகத்தில் 20 கிராம் தூள் பட்டால் மெல்லிரும்பில் குறைவது ஒரு மில்லிகிராமிலும் குறைவு. பட்டறைத் தராசுக்கு அது தெரியவே தெரியாது. செட்டியார் தெரு நகைக்கடைத் தராசும் போதவில்லை. வேகத்தை 70 மீற்றருக்கு ஏற்றினோம். தேய்மானம் வேகத்தின் வர்க்கத்துக்கும் சற்று மேலாக ஏறும் என்பதால் இழப்பு ஏழெட்டு மடங்கானது. தூளின் அளவையும் கூட்டினோம். அப்படியும் நல்ல தராசு வேண்டும். பேருவளை சீனன்கோட்டையில் கல் வியாபாரம் செய்யும் எங்கள் உறவினர் ஒருவரிடம் கரட் தராசு இருந்தது. ஒரு கரட் 200 மில்லிகிராம். அவருடைய தராசு கரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 மில்லிகிராம் வரை காட்டும். எங்கள் துண்டு 30க்கு 10க்கு 2 மில்லிமீற்றர். நிறுத்துப் பார்த்தால் 23 கரட்டும் சொச்சமும். நீலக்கல் வைக்கும் தட்டில் இரும்பை வைப்பதைப் பார்த்து அவர் சிரித்தார். உண்மையில் உறவு தூரமில்லை. நீலக்கல்லும் மாணிக்கமும் எங்கள் தவிட்டுத் தூளும் ஒரே அலுமினியம் ஒக்சைட். ஆங்கிலேயர் அதற்குச் சொல்லும் கொரண்டம் என்ற பெயரே தமிழ்க் குருந்தத்திலிருந்து போனது.

சூரா ரஹ்மான் ஓதுகிறவர்களுக்கு மீஸான் புதிய சொல்லல்ல. அளவை நிறுவையில் மோசம் செய்பவர்களைப் பற்றித் தனியே ஒரு சூராவும் உண்டு. அந்த ஈடுபாடு ஏட்டோடு நிற்கவில்லை என்பதற்கு அல்-ஹாஸினி சாட்சி. மெர்வ் நகரில், செல்ஜூக் சுல்தான் சஞ்சரின் காலத்தில், 1121 அளவில் மீஸானுல் ஹிக்மா, ஞானத் தராசு, என்ற நூலை அவர் எழுதினார். காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து, பொன்னில் கலப்பு எவ்வளவு, கல் அசலா போலியா என்று கண்டுபிடிக்கும் ஐந்து தட்டுத் தராசை அதில் விளக்கினார். அவர் பிறப்பால் ரோம தேசத்தவர், அடிமையாக வந்தவர். அவருக்கு முன் அல்-பிரூனி உலோகங்களின் அடர்த்தியை அளந்து வைத்திருந்தார். எமது சஞ்சிகைகளில் பொற்காலப் பெயர்களை அடுக்குவது எனக்கு அவ்வளவாக உவப்பில்லாத பழக்கம். ஆனால் வெள்ளவத்தையில் மின்விசிறியை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, தராசின் கடைசி இலக்கம் அசையாமல் நிற்கக் காத்திருந்த இரவுகளில் அந்த மனிதரை எனக்கு நெருக்கமாக விளங்கியது.

முதல் சுற்று முடிவு மச்சானுக்கு இடியாக இறங்கியது. அலுமினியம் ஒக்சைட் தூளுக்கு முன்னால் அவர் ஏற்றிய படைக்கும் சாதாரண இரும்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேரடி அடியில் படை கொஞ்சம் கூடுதலாகவே போயிருந்தது. மணல்காரர் சொன்னது சரியா? மச்சான் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து கேட்டார்:

"மகன், கங்கையில இந்தத் தூளா ஓடுது?"

அந்த ஒரு கேள்வியில் முப்பது வருடக் கண் இருந்தது. மோஸ் அளவில் குருந்தம் 9, மணலின் குவார்ட்ஸ் 7. படையிலுள்ள குரோமியம் கார்பைட் மணிகள் குவார்ட்ஸைவிடக் கடினமானவை, குருந்தத்தைவிட மென்மையானவை. அதாவது எங்கள் சோதனை, வாழ்க்கையில் ஒருநாளும் வராத எதிரியை அந்தப் படையின் மீது ஏவியிருந்தது. முகத்துவாரத்தில் மணல் அள்ளி, உப்புப் போகக் கழுவி, காயவைத்து, சல்லடையில் அரித்து ஒரே பருமனானதை எடுத்து மறுபடி தொடங்கினோம். ஒருமுறை அடித்த மணலை மறுமுறை பாவிக்கவில்லை. மூலை மழுங்கிய மணி முந்திய துண்டுக்குச் செய்ததை அடுத்த துண்டுக்குச் செய்யாது.

இப்போது சாய்ந்த அடியில் படை இரும்பைவிட எவ்வளவோ மேல். 90 பாகையில் மட்டும் அந்த மேன்மை சுருங்கிப்போனது. மணல்காரரின் பழைய இம்பெலரை மூலையிலிருந்து எடுத்துப் பார்த்தோம். அலகுகளின் முகத்தில், மணல் வழுக்கிக்கொண்டு போகும் இடத்தில், படை அப்படியே இருந்தது. தண்ணீர் நுழையும் முன்விளிம்பில், மணல் நேருக்கு நேர் மோதும் இடத்தில், எலி கடித்ததுபோல் துண்டு துண்டாய்ப் பெயர்ந்திருந்தது. மச்சான் சொன்னதும் சரி, மணல்காரர் சொன்னதும் சரி. அதிலிருந்து மச்சான் முகத்துக்குக் கடினப் படையும் முன்விளிம்புக்கு அதைவிட மென்மையான, நொறுங்காத எஃகும் ஏற்றுகிறார். கம்பிச் செலவும் குறைந்தது. பழைய பாக்கியை மணல்காரர் இன்னும் தரவில்லை. வேலை மட்டும் கொண்டுவருகிறார்.

இது எங்கள் ஒழுங்கைப் பிரச்சினை மட்டுமல்ல. இமயத்திலிருந்து குவார்ட்ஸ் மணலைச் சுமந்து வரும் சட்லெஜ் நதியில், ஹிமாசலப் பிரதேசத்தின் 1500 மெகாவோட் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம் வண்டல் மிகும்போது மூடவேண்டி வந்திருக்கிறது. அதன் டர்பைன்களுக்கு டங்ஸ்டன் கார்பைட் படை பூசுகிறார்கள். எமது நுரைச்சோலையைப் போன்ற நிலக்கரி நிலையங்களில் புகையோடு பறக்கும் சாம்பல் கொதிகலன் குழாய்களை இவ்விதமே சீவும். 2019இல் நிரப்பி முடித்த துறைமுக நகரின் 269 ஹெக்டேயருக்கும் கடல் மணலைப் பம்புகளே தள்ளின. எத்தனை இம்பெலர் தேய்ந்திருக்கும் என்று மச்சான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கணக்குப் போடுவார்.

மருமகன் இப்போது ரப்பரில் இறங்கியிருக்கிறான். மணல் பம்புகளின் உள்சுவருக்கு ரப்பர் ஒட்டும் வழக்கம் உலகில் பழையது. நேரடி அடியை அது வாங்கித் திருப்பி அனுப்பிவிடும், இரும்பைவிட நெடுநாள் நிற்கும். ரப்பருக்கு எங்கள் நாட்டில் பஞ்சமில்லை. போன மாதம் முதல் துண்டைத் தாங்கியில் பூட்டி, 90 பாகையில் ஐந்து நிமிடம் அடித்து, ஊதிச் சுத்தம் செய்து தராசில் வைத்தோம். எடை 0.006 கரட் கூடியிருந்தது. மணல் மணிகள் சில உள்ளே குத்தி நின்றுவிட்டன. குறிப்புப் புத்தகத்தின் வித்தியாச நிரலில் இதுவரை கழித்தல் குறி மட்டுமே போட்டு வந்தேன். அன்று கூட்டல் குறி போட்டு எழுதினேன். துண்டை இன்னும் எத்தனை நிமிடம் அடித்தால் அது கழித்தலுக்கு மாறும் என்று மருமகன் பலகையில் நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தான்.